துப்பாக்கி வந்தது, சைட் வரவில்லை! – வாசகர் கேள்வி பதில்

துப்பாக்கி சுடும் பயிற்சி பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், குறிபார்க்க உதவும் சைட்டை எப்படித் திருப்புவது, எந்த ஜாக்கெட் வாங்குவது என்பவைதான் வழக்கமான கேள்விகள். இம்முறை வந்த கடிதங்களில் பல, பேசி வைத்துக்கொண்டதுபோல், ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. வெகுதூரம் பயணம் செய்து சுடுதளத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால், இருக்க வேண்டிய ஒன்று இல்லை. ஆகவே இந்த இதழை மறதிக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என் மகளுக்குப் பதினான்கு வயது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பழகுகிறாள். சென்ற மாதம் வெளியூரில் நடந்த ஒரு போட்டிக்காக விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பினோம். அங்கே போய்ப் பார்த்தால் ரைஃபிளின் பின்பக்க சைட்டைக் காணோம். அதற்கு முந்தைய வாரம் துடைப்பதற்காகக் கழற்றியதைத் தனி டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள். கூட வந்த ஒரு பிள்ளையிடம் இரவல் வாங்கி மாட்டினோம். முதல் குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே வெள்ளையில் விழுந்தது. பிள்ளை அழுதுவிட்டாள். இரவல் சைட்டுடன் அவளைச் சுட வைத்தது தவறா?
– ஒரு தாய், திருச்சிராப்பள்ளி

பதில்: தவறே இல்லை, அம்மா. போட்டிக்கான ஏர் ரைஃபிள்களில் சைட்டைப் பொருத்தும் பள்ளம் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் அகலம் என்ற ஒரே அளவில்தான் இருக்கும். எனவே ஒரு நிறுவனத்தின் சைட்டை இன்னொரு நிறுவனத்தின் ரைஃபிளில் மாட்டிவிட முடியும். ஆனால், மாட்டிய சைட் உங்கள் மகளின் கண்ணுக்கும் ரைஃபிளுக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்டதன்று. அது உடையவளின் கண்ணுக்கும் அவளது ரைஃபிளுக்கும் பழகியது. எனவே முதல் குண்டு வெள்ளைக்குப் போனதில் வியப்பில்லை. இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. கறுப்பு வட்டம் முழுவதுமே 30.5 மில்லிமீட்டர்தான். சைட்டில் தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் பத்து மீட்டர் போவதற்குள் அது பல மடங்காகிவிடும்.

சர்வதேச விதிகளின்படி போட்டிக்கு முன்னால் தயாராகிக்கொள்வதற்கும், சைட்டைச் சரிபார்க்கும் சைட்டர் குண்டுகள் சுடுவதற்குமாகப் பதினைந்து நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் எத்தனை சைட்டர் வேண்டுமானாலும் சுடலாம். எதற்கும் புள்ளி இல்லை. இரவல் சைட்டுடன் நிற்பவருக்கு அந்தப் பதினைந்து நிமிடம்தான் பிழைப்பு. அதை எப்படிச் செலவிட வேண்டும் என்றால், முதலில் எந்தத் திருகையும் தொடாமல், ஒரே நிலையில் நின்று, நிதானமாக மூன்று குண்டு சுட வேண்டும். மூன்றும் எந்த இடத்தைச் சுற்றிக் கூடியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு, மேல் கீழ்த் திருகை மட்டும் பத்து கிளிக் (திருகின் ஒவ்வொரு சிறு நகர்வும் ஒரு கிளிக்) திருப்பி இன்னொரு குண்டு சுட்டால், இந்த சைட்டில் பத்து கிளிக்குக்குக் குண்டு எவ்வளவு நகர்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு கணக்குப் போட்டுத் திருப்பலாம். பெரும்பாலான பிள்ளைகள் செய்வது வேறு. ஒரு குண்டு இடப்பக்கம் போனால் வலப்பக்கம் திருப்புவார்கள், அடுத்தது வலப்பக்கம் போனால் மறுபடி இடப்பக்கம். குண்டு ஓட, சைட் துரத்த, பதினைந்து நிமிடமும் தீர்ந்துபோகும். உங்கள் மகளுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அவளிடம் இரண்டு கதைகளைச் சொல்லுங்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கு முன் சைட்டர் சுட்டபோது, குண்டு பத்துக்கு வெகு தூரத்தில் போய் விழுந்தது. அவரது சைட் இடம் மாறியிருந்தது. இருந்த சில நிமிடங்களில் அதைத் திருத்திக்கொண்டு, கடைசிக் குண்டில் 10.8 சுட்டு, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். இன்னொருவர் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் அவருடைய ரைஃபிளை யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டார்கள். சக வீராங்கனை ஒருவரின் ரைஃபிளை இரவல் வாங்கிக்கொண்டுதான் ஏதென்ஸுக்குப் போனார்; 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வாங்கினார். அதே எம்மன்ஸ் சில நாட்களில் மற்றொரு பிரிவின் இறுதிச் சுற்றில் முன்னிலையில் இருந்தபோது, கடைசிக் குண்டைப் பக்கத்துக்காரரின் இலக்கில் சுட்டு எட்டாவது இடத்துக்கு இறங்கினார் என்பது தனிக்கதை. ரைஃபிளே சேதமான பிறகும் வென்றவர், வெற்றி கையருகே இருந்த நாளில் தவறவிட்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சைட் மறந்துபோனது நீங்கள் கிளம்பிய காலையில் அன்று. முந்தைய வாரம் அதைக் கழற்றிய மாலையில். இனி பெட்டியிலிருந்து எதை வெளியே எடுத்தாலும், அது எங்கே இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிடச் சொல்லுங்கள். பொருள் பெட்டிக்குத் திரும்பிய பிறகுதான் சீட்டை அவிழ்க்க வேண்டும்.

கேள்வி: நண்பருடன் சென்று, வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைஃபிள் சுட்டேன். காது மறைப்பான் கொண்டுபோக மறந்துவிட்டதால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு நாற்பது குண்டு சுட்டேன். அன்று இரவு முழுவதும் காதில் ஒரு ரீங்காரம் கேட்டது. மறுநாள் சரியாகிவிட்டது. ஒரு நாள் பஞ்சு வைத்துச் சுட்டால் குற்றமா?
– வாசகர், வேலூர்

பதில்: மறுநாள் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ரீங்காரம் நின்றது என்று சொல்லலாம். சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறக்கும்போது எத்தனை இருந்தனவோ அத்தனைதான். செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. வலியும் தெரியாது, இரத்தமும் வராது. அதனால்தான் இந்தச் சேதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கூட்டத்தில் பேரப்பிள்ளை பேசுவது விளங்காதபோதுதான் கணக்கு தெரியவரும்.

.22 ரைஃபிளின் ஓசை காதருகே ஏறத்தாழ 140 டெசிபல். 12 போர் (போர் என்பது குழலின் அளவு) ஷாட்கன்னின் ஓசை 150 டெசிபலுக்கும் மேல். திடீரென்று எழும் ஓசைகளில் 140 டெசிபல் என்பதே ஆபத்தின் எல்லையாகக் கருதப்படுகிறது; அதைத் தாண்டிய ஒரே வெடியும் நிலையான சேதத்தை உண்டாக்கக்கூடும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பஞ்சு தடுப்பது மிகச் சிறிதே. இடைவெளிகளின் வழியே ஓசை தாராளமாக உள்ளே போய்விடும். பஞ்சால் வரும் பெரிய கெடுதி, காதில் ஏதோ வைத்திருக்கிறோம் என்ற நிம்மதிதான். அந்த நிம்மதி இல்லாமல் இருந்திருந்தால் நாற்பது குண்டு சுட்டிருக்கமாட்டீர்கள்.

ஒழுங்கான நுரைச் செருகி மருந்துக்கடையிலேயே சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதை விரல்களால் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செருகி, அது விரிந்து அடைத்துக்கொள்ளும்வரை விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செருகினால் 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் பஞ்சுக்குச் சமானம்தான். இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றைத் துப்பாக்கிப் பெட்டியிலும் மற்றொன்றை வண்டிச் சாவியோடும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மறந்த நாளில் சுடுதள அதிகாரியைக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் மிகையாக வைத்திருப்பார்கள். அங்கும் இல்லையென்றால் அன்றைக்குச் சுட வேண்டாம், சுடுகோட்டுக்கு அருகே நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். ரீங்காரம் மீண்டும் வந்து இரண்டு நாளைக்கு மேல் நீடித்தாலோ, ஒரு காது மந்தமானதுபோல் தோன்றினாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.

கண்ணாடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: காதுக்கு என்ன சட்டமோ அதுவே கண்ணுக்கும்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பதக்கம் வாங்கினாரே. அப்படியானால் நாம் எதையாவது மறந்துவிட்டுப் போனால்தான் என்ன?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: தம்பி, அந்தப் படத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். அவர் காதில் செருகி இருக்கும். கண்ணில் அவரது வழக்கமான மூக்குக்கண்ணாடி இருக்கும். அவர் அணியாதிருந்தவை, பார்வையைக் கூர்மையாக்கும் தனி வில்லைகளும் ஒரு கண்ணை மறைக்கும் தகடும்தான். அவர் இரு கண்களையும் திறந்து வைத்துச் சுடும் பழக்கமுடையவர். எனவே மறைப்புத் தகடு அவருக்குத் தேவையே இல்லை. கையைப் பாக்கெட்டில் விட்டதிலும் அலட்சியம் ஏதுமில்லை. ஏர் பிஸ்டலை ஒரு கையால் மட்டுமே பிடித்துச் சுட வேண்டும் என்பது விதி. மறு கை ஆடாமல் இருக்க வேண்டுமானால் அதை எங்காவது அடக்கி வைத்தாக வேண்டும். பாக்கெட்டோ இடுப்புவாரோ அதற்கு வசதி.

அவர் வாங்கியது கலப்பு இரட்டையர் வெள்ளி. அதே பிரிவில்தான் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் நமக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்கள். 2008 முதலே ஒலிம்பிக்குக்கு வந்துகொண்டிருக்கும் ஒருவர், தமக்கு எது வேண்டாம் என்று தேர்ந்துகொண்டு விட்டுவிட்டு வருவது வேறு. நீங்கள் பேருந்தில் ஏறிய பிறகு நெற்றியில் அடித்துக்கொள்வது வேறு. மேலும், பிஸ்டல்காரருக்குப் பொருந்துவது ரைஃபிள்காரருக்குப் பொருந்தாது. பிஸ்டலின் எடை அதிகபட்சம் ஒன்றரைக் கிலோ. ஏர் ரைஃபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதைத் தாங்கி அறுபது குண்டு சுடுவதற்கு முதுகையும் இடுப்பையும் பிடித்து நிறுத்தும் விறைப்பான ஜாக்கெட்டில் பழகிய உடம்பு, ஜாக்கெட் இல்லாத நாளில் திணறிப்போகும். ஆபத்து ஒன்றுமில்லை, புள்ளிதான் குறையும். பயிற்சி நாளாக இருந்தால் ஜாக்கெட் இல்லாமலே சுட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பயிற்சிக் கூடத்தில் ஏர் ரைஃபிளின் சிலிண்டரில் காற்று தீர்ந்துவிட்டது. நிரப்பும் குழாயை வீட்டில் மறந்துவிட்டிருந்தேன். அருகிலிருந்த வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதிலும் அழுத்தம் அதிகம்தானே, நிரப்பித் தரட்டுமா என்று கேட்டார்கள். பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பயம் நியாயமானதா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் பயத்துக்கு நன்றி சொல்லுங்கள். ஏர் ரைஃபிளின் சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். முழு ஆக்சிஜனை அந்த அழுத்தத்தில் ஏற்றினால், வால்வின் உள்ளே இருக்கும் கிரீஸும் எண்ணெய்ப் பசையும் ரப்பர் வளையங்களும் எரிபொருளாகிவிடும். வாயு வேகமாகப் பாய்ந்து அழுந்தும்போது உண்டாகும் சூடே தீப்பொறிக்குப் போதும். சிலிண்டர் உங்கள் முகத்துக்குச் சற்றே முன்னால் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கரியமில வாயுவும் கூடாது. அந்தத் துப்பாக்கி அதற்காகச் செய்யப்பட்டதன்று. காற்று மட்டுமே, அதுவும் ஈரமில்லாத காற்று.

பஞ்சர் கடையில் நிரப்பிக்கொள்ளலாமா என்று முன்பொரு வாசகர் கேட்டிருந்தார். ஆபத்து இல்லை, பயனும் இல்லை. அங்கிருக்கும் கம்ப்ரஸர் தரும் அழுத்தம் பத்து பார் அளவில்தான். ஆழ்கடல் மூழ்குவோர் பயன்படுத்தும் காற்று சிலிண்டரிலிருந்தோ, இதற்கென்றே உள்ள கைப்பம்பிலிருந்தோதான் நிரப்ப வேண்டும். நிரப்பும் குழாய் உங்கள் துப்பாக்கிக்கென்று வந்ததாக இருக்க வேண்டும். மரை பொருந்துகிறதே என்று வேறொன்றை முறுக்கிப் பார்க்காதீர்கள். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டுதான் ஆயுள் குறிக்கிறார்கள். காலம் கடந்த சிலிண்டருடன் போட்டிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: துப்பாக்கிக் குழலில் செருகி வைக்கும் பாதுகாப்புக் கொடியை மறந்துவிட்டேன். சுடுதள அதிகாரி துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடவில்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக இவ்வளவு கண்டிப்பு தேவையா?
– வாசகி, ஈரோடு

பதில்: தேவைதான். துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உங்கள் வாய்ச்சொல்லை நம்பாமல், பத்தடி தூரத்தில் நிற்பவரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு அந்தத் துண்டை விட்டால் வேறு வழி கிடையாது. ஆனால் மறந்த பொருள்களிலேயே மிக எளிதில் ஈடுசெய்யக்கூடியதும் இதுதான். ஏர் ரைஃபிளுக்குக் குழல் முழுவதையும் கடந்து இரு முனையிலும் வெளியே தெரியும் நீளமும், கண்ணைப் பறிக்கும் நிறமும் இருந்தால் போதும். புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் ஆரஞ்சு நிற நைலான் கயிறு எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். சில மீட்டர் வாங்கித் துண்டுகளாக்கிக்கொண்டால் உங்களுக்கும் ஆயிற்று, மறந்துவிட்டு வரும் நாலு பேருக்கும் ஆயிற்று.

கேள்வி: என் தந்தையுடன் டிராப் (பறக்கும் வட்டுகளை ஷாட்கன்னால் சுடும் போட்டி) சுடப் போவது வழக்கம். போன வாரம் தோட்டாப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டோம். அங்கிருந்தவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிச் சுட்டோம். அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஏர் ரைஃபிள்காரர்கள் குண்டு கடன் வாங்குகிறார்களே, நாங்கள் வாங்கினால் என்ன?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: தங்கள் தந்தையார் முணுமுணுத்ததில் நியாயம் இருக்கிறது. ஏர் ரைஃபிளின் பெல்லட் வெறும் ஈயத்துண்டு. 4.5 மில்லிமீட்டரில் தட்டைத் தலையாக இருந்தால் யாருடையதை வேண்டுமானாலும் சுடலாம். குண்டுகள் விழும் இடங்கள் சற்றுப் பரவும், அவ்வளவுதான். ஷாட்கன் தோட்டா அப்படியன்று. பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி வாங்குவதுபோல ஆளுக்கு நாலாக வாங்கி ஒரே பையில் கலந்து போட்டுக்கொள்வதில் இரண்டு வகையான ஆபத்து இருக்கிறது.

முதலாவது உயிருக்கு. டிராப் போட்டிகளில் 12 போர் துப்பாக்கிதான் வழக்கம். ஆனால் சுடுதளத்துக்கு 20 போர் கொண்டுவருவோரும் உண்டு. 20 போர் தோட்டா, எண் பெரிதானாலும், 12 போரைவிடச் சற்று ஒல்லியானது. தவறுதலாக அதை 12 போர் துப்பாக்கியில் போட்டால், தோட்டா உட்காரும் அறையில் நிற்காமல் குழலுக்குள் நழுவிச் சிறிது தூரத்தில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். சுடுபவர், தோட்டா போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால், குழல் வெடித்து, அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நிறத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு தோட்டாவின் பித்தளை அடியிலும் பொறித்திருக்கும் எண்ணைப் படித்த பிறகே துப்பாக்கியில் போடுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றாலோ, ஓசை வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டாலோ, துப்பாக்கியைத் திறந்து குழலின் மறுமுனைவரை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடவே கூடாது.

இரண்டாவது சட்டம். தோட்டாவும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமத்தைக் காட்டிக் கணக்கில் ஏற்றி வாங்க வேண்டிய பொருள். நண்பர்தானே என்று கைமாற்றிக்கொள்வது பிறகு இருவருக்கும் தலைவலியாகலாம். மறந்துவிட்ட நாளில், சங்கத்தின் இருப்பிலிருந்து முறைப்படி கையெழுத்துப் போட்டு வாங்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி வாங்கினால் ஒரே வகைத் தோட்டா ஒரே பெட்டியில் வரும். முதல் ஆபத்தும் அதோடு தீர்ந்தது. வழியில்லை என்றால், வட்டுகள் பறப்பதை நின்று கண்ணால் தொடர்ந்து பழகிவிட்டு வீடு திரும்புங்கள்.

கேள்வி: பாதி வழியில்தான் நினைவு வந்தது: .22 ரைஃபிளின் போல்ட்டும் (தோட்டா அறையை அடைக்கும் பாகம்) வீட்டில், உரிமமும் வீட்டில். உரிமத்தின் படம் கைப்பேசியில் இருந்தது. போய்விட்டேன். போல்ட் இல்லாததால் சுட முடியவில்லை என்பது வேறு. படம் போதும்தானே?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. ஆயுதச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, ஆயுதம் எடுத்துச் செல்பவரிடம் காவல் அதிகாரி உரிமத்தைக் கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் தேவைப்படும்போது ஆயுதத்தைக் கைப்பற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. போல்ட் வீட்டில் இருக்கிறது என்பதால் பெட்டியில் இருப்பது ஆயுதம் இல்லை என்று ஆகிவிடாது. உரிமம் இல்லை என்று தெரிந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால், அதில் பழகிவிட்டு .22க்கு வருபவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

போல்ட்டை மறப்பது எனக்கும் நேர்ந்திருக்கிறது. பாதுகாப்புக்காக அதைத் தனியே வைக்கிறோம். அந்த நல்ல பழக்கமே மறதிக்கு வாசலாகிவிடுகிறது. ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பெட்டியைத் திறந்த நான், திரும்பிப் போக மனமில்லாமல், அதிகாரியின் அனுமதியோடு மண்டியிட்ட நிலையில் அமர்ந்து, வெறும் ரைஃபிளை ஏந்தி இலக்கைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் இருந்தேன். கண்ணை மூடி, மூச்சை விட்டு, உடம்பைத் தளர்த்தி, மறுபடி கண்ணைத் திறந்தால் சைட் ஒவ்வொரு முறையும் இலக்குக்கு வலப்பக்கமே நின்றது. அதுவரை பல மாதங்களாகத் தோள்பலத்தால் அதை இழுத்துப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! கணுக்காலுக்கு அடியில் வைக்கும் உருளையைச் சற்று நகர்த்தியதும் சரியாயிற்று. குண்டு சுட்டுக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: எல்லாப் பொருள்களையும் பட்டியல் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்படியும் கையுறையோ, பெல்லட் டப்பாவோ விடுபட்டுப்போகிறது. என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். துப்பாக்கி, ஜாக்கெட், காலணி என்று பெரியதிலிருந்து சிறியதாக எழுதியிருப்பீர்கள். பெரியவற்றை யாரும் மறப்பதில்லை. விடுபடுவதெல்லாம் தனி டப்பாவிலோ தனிப் பையிலோ இருக்கும் சிறியவை, அல்லது துவைக்கவும் துடைக்கவும் நிரப்பவும் வெளியே போனவை. வியர்த்த கையுறையைக் கொடியில் காயப்போட்டீர்களானால் மனத்தில் அது கையுறை இல்லை, துணி.

பட்டியலை எறிந்துவிட்டு வேறொன்று செய்து பாருங்கள். முந்தின நாள் இரவு தரையில் ஒரு பாயை விரித்து, அதைச் சுடுகோடாக நினைத்துக்கொண்டு, சுடுதளத்தில் நடப்பது அத்தனையையும் வரிசையாக நடித்துப் பாருங்கள். நுழைவாயிலில் என்ன காட்டுவீர்கள்? அடையாள அட்டை, உரிமம். அவற்றைப் பாயில் வையுங்கள். பெட்டியைத் திறந்ததும் முதலில் எதைத் தொடுவீர்கள்? கொடி. காலில் என்ன, உடம்பில் என்ன, காதில் என்ன, கண்ணில் என்ன, இடக்கையில் என்ன? துப்பாக்கியை எதன்மேல் சாய்த்து வைப்பீர்கள்? குண்டு எங்கிருந்து வரும்? காற்று எவ்வளவு இருக்கிறது? சைட்டைத் திருப்பக் குறடு வேண்டுமா? கடைசிக் குண்டுவரை நடித்து முடித்தால் வேண்டிய எல்லாம் பாயின்மேல் இருக்கும். பிறகு பையில் போட்டுப் பூட்டிவிடுங்கள், காலையில் திறக்காதீர்கள். வீட்டில் அன்புடையவர்கள் கட்டித் தருகிறேன் என்று முன்வந்தாலும் விடாதீர்கள், குறிப்பாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளின் தாய்மார்கள். நான் பயிற்சி கொடுத்தவர்களில் அம்மா பை கட்டித்தந்த பிள்ளைகள்தாம் அதிகம் மறந்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்குத் தம் பையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

கேள்வி: போட்டியன்று ஒரு பெண் சைட்டை மறந்துவிட்டு வந்து நின்றாள். என் முறை முடிந்திருந்ததால் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் ரைஃபிளில் குண்டு எங்கோ போகிறது. இனி இரவல் கொடுக்கலாமா, கூடாதா?
– பள்ளி மாணவி, கரூர்

பதில்: கொடுக்கலாம், கண்ணே. கழற்றுவதற்கு முன் இரண்டு திருகுகளும் எந்த எண்ணில் நிற்கின்றன என்பதையும், சைட் பள்ளத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள். வாங்கிக்கொள்பவளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, மேலே எத்தனை கிளிக் திருப்பினாள், பக்கவாட்டில் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கோடு போட்டுக்கொள்ளச் சொல். திருப்பித் தரும்போது அத்தனையையும் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டுத் தர வேண்டும். சைட்டை மாட்டியதும் ஐந்து குண்டு சுட்டுப் பார். அப்போதும் சற்று விலகியிருந்தால் இரண்டு மூன்று கிளிக்கில் சரியாகிவிடும்.